லென்ஸில் வைத்த குங்குமம்

போன மாதம் புதிதாக ஆசிரியர் வேலையில் சேர்ந்த உங்களுக்கு நடந்த பயிற்சியில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். வந்தேன், பேசினேன், சாம்பார் சாதமும் அப்பளமும் சாப்பிட்டேன். கிளம்புகிற நேரத்தில் உங்களில் ஒரு பெண் ஓடி வந்தாள். சமூக அறிவியல் பாடத்தில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் உங்கள் இலக்குகள் என்ன என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள் மேடம், என்ன எழுதுவதென்றே தெரியவில்லை என்றாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையில் பஸ் வரவில்லை, எனக்குப் பதில் வரவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்த இலக்குகளை நானும் வருஷா வருஷம் எழுதியவள்தான். பன்முகத் திறன், இருபத்தோராம் நூற்றாண்டு, மாணவர் மையம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன். வாங்கினவர்களும் படித்ததாகத் தெரியவில்லை. நானே ஒருமுறை திருப்பிப் படித்துப் பார்த்தேன், எனக்கே கொட்டாவி வந்தது.

நம் வட்டாரப் பள்ளிக்கூடத்தில் சுவரில் படம் காட்ட ஒரு வழி கிடைத்தால் முதலில் எதைக் காட்டுவோம்? உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைத்தான். நானும் அதைத்தான் செய்தேன். பக்கத்துப் பள்ளியில் ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கி, ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, ஒரு வீடியோவைப் போட்டேன். நல்ல இசை, நல்ல குரல், பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் நேற்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து குதிரை என்றது. அந்தக் கல்வெட்டில் குதிரையே கிடையாது. வீடியோ எடுத்தவர் அழகுக்காக நடுவில் ஒரு குதிரையை ஓடவிட்டிருந்தார்.

அன்றைக்குத்தான், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பள்ளியில் இருந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் காலத்தில் இருந்த தொழில்நுட்பம் சுவரில் மாட்டும் துணி வரைபடம் ஒன்றுதான். அவர் அதை மாட்டிவிட்டு நேராக வகுப்பின் கடைசிக்குப் போய் நின்றுகொள்வார். ஏன் சார் என்று கேட்டால், "மேப்பு எங்கியும் ஓடாது டீச்சர், பசங்க மொகத்த பாருங்க" என்பார். வேறு விளக்கம் எதுவும் தரமாட்டார். அப்போது எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மானாம்பதிக்கு உள்ளடங்கின ஒரு ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் இருந்தபோது நடந்தது. அந்த ஊரில், வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருந்த ஒரு பெரியவர் இருந்தார். ஊரே அவரை மில் நைனா என்று கூப்பிடும். ஊரில் பாதிக் கொல்லி, அதாவது வயல், அவருடையது. சுருக்கென்று கோபம் வரும், அதே வேகத்தில் கை திறந்து கொடுக்கவும் கொடுப்பார். டவுன் பிள்ளைகள் படிக்கிற மாதிரி நம் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று சொல்லி, பள்ளிக்கு ஒரு புரொஜெக்டர், ஒரு லேப்டாப், ஒரு பெரிய வெள்ளைத் திரை எல்லாவற்றையும் தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்தார்.

கொடுத்தவருக்கு ஒரு விழா எடுக்க வேண்டுமே. எங்கள் ஹெட்மாஸ்டர் தங்கமான மனுஷர், ஆனால் யாராவது பெரிய மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றினாலே அவருக்கு வியர்த்துவிடும். முதலில் திரையில் பெருமாள் கோயில் கோபுரம் வர வேண்டும் என்றார். நான் வானத்திலிருந்து எடுத்த எங்கள் ஊர்ப் படத்தைக் காட்ட வேண்டும் என்றேன். ஒருவழியாக கோபுரம் முதலில், ஊர் அடுத்து என்று பேசி முடித்தோம். என் போன் டேட்டாவை வைத்து, முந்தின நாளே செயற்கைக்கோள் படம் காட்டுகிற ஒரு மென்பொருளில் ஊர்ப் படத்தை இறக்கி ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

விழா அன்று ஒன்பதாம் வகுப்பு முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. நைனாவுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அடுத்து அவர் ஒரு காரியம் செய்தார். மில்லில் ஆயுத பூஜை அன்று ஒவ்வொரு மிஷினுக்கும் அவர் கையாலேயே சந்தனம் குங்குமம் வைப்பது அவருடைய வழக்கம். புது மிஷினைப் பொட்டு வைக்காமல் ஓட்டக்கூடாது என்று வீட்டிலிருந்தே சின்னக் கிண்ணங்களில் கொண்டுவந்திருந்தார். புரொஜெக்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், இதுக்கு நெற்றி எது என்று. முன்பக்கத்தில் வட்டமாக, பளபளவென்று கண்ணாடி ஒன்று இருந்தது. விரலைச் சந்தனத்தில் தோய்த்து அதன் நட்டநடுவில் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினார்.

நான் வாயைத் திறந்தேன். ஹெட்மாஸ்டர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

விளக்கை அணைத்து மிஷினைப் போட்டோம். கோபுரம் வரவில்லை. திரை முழுக்கச் செக்கச்செவேலென்று ஒரு கறை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஆகாயம். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோற்றார்கள். நைனாவே குனிந்து பார்த்து, "இன்னா டீச்சர், புது மிஷினுக்கு அதுக்குள்ள மெட்ராஸ் ஐ வந்துட்டு கீது?" என்றார். அப்புறம் சிரிப்பதற்கு யாருக்கும் தடை இருக்கவில்லை, நான் உட்பட.

ஹெட்மாஸ்டர் கைக்குட்டையோடு பாய்ந்தார். லென்ஸைத் துடைக்க ஒரு கை, மேஜையில் ஊன்ற ஒரு கை. ஊன்றிய கை லேப்டாப் மேல் இருந்தது. அந்த நேரத்தில் நான் கோபுரத்தை விட்டுவிட்டு ஊர்ப் படத்தைத் திறந்து வைத்திருந்தேன். இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று வகுப்பின் கடைசிக்குப் போய் நின்றேன். பழைய வரலாற்று ஆசிரியரின் பழக்கம் எப்படியோ எனக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

கறை போனது. ஊர் வந்தது. எங்கள் ஏரி, கோயில், பள்ளிக்கூடம், நடுவில் சாலை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒருவன் தண்ணி டேங்கைக் காணோம் என்றான். இன்னொருத்தி எங்க வூட்டையே காணோம் என்றாள். நானும் உற்றுப் பார்த்தேன். முந்தின நாள் நான் பார்த்த படம் அது இல்லை. அந்த மென்பொருளில் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை இருக்கும், அதை இடப்பக்கம் இழுத்தால் அதே இடத்தின் பழைய வருஷத்துப் படம் வரும். ஹெட்மாஸ்டரின் ஊன்றிய கை அதை இழுத்துவிட்டிருந்தது. திரையில் இருந்தது இந்தப் பிள்ளைகள் பிறந்த காலத்து ஊர்.

இது பழைய படம், உங்கள் வீடெல்லாம் இன்னும் கட்டவில்லை என்று சொன்னதும் அவர்களுக்குத் தாங்கவில்லை. நான் கடைசியிலிருந்தே ஹெட்மாஸ்டரைப் பட்டையை வலப்பக்கம் இழுக்கச் சொன்னேன், அப்புறம் இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் வந்ததைச் சொன்னார்கள். டேங்க் வந்தது, மாடி வீடு வந்தது, செல்போன் டவர் வந்தது. நைனா தன் வீட்டு மாடியைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். நான் இருபது வருஷமாக நடத்திய பாடத்தில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ஒரு கை பாதி எழுந்து பாதியில் நின்றதைப் பார்த்தேன். மோனிஷா. அவள் அப்பா ஏழுமலை, நைனாவின் கொல்லியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறவர். சொல் மோனிஷா என்று நான்தான் கூப்பிட்டேன்.

"டீச்சர், எல்லாரும் வந்ததியே சொல்லிக்கினு கீறாங்க. ஒண்ணு போயிருக்கு டீச்சர். பழைய படத்துல மேலாண்ட இருந்து ஏரிக்கு ஒரு கோடு வருது பாருங்க. புதுப் படத்துல அது பாதிலேயே நின்னுடுது. எங்கப்பா பயிர் வெக்கிற கொல்லியாண்ட."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மழைத்தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவருகிற வரத்துக் கால்வாய் அது. பழைய படத்தில் ஏரி வரைக்கும் ஓடியது. புதிய படத்தில் ஒரு வயலின் வரப்போடு முடிந்துபோயிருந்தது, அதற்கு அந்தப் பக்கம் ஒரே சமமான நிலம். பல வருஷமாக எங்கள் ஏரி நிரம்பவில்லை. கடைமடைக் கழனி எல்லாம் காய்ந்து கிடந்தது. மழை சரியில்லை என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகள் திரையை விட்டு நைனா பக்கம் திரும்பினார்கள். அது யாருடைய நிலம் என்று அங்கே தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஏழுமலையின் குத்தகைக்கு எழுத்து கிழுத்து எதுவும் கிடையாது. வருஷா வருஷம் வாய்வார்த்தையில் புதுப்பிப்பது. நைனா இந்தச் சாகுபடிப் பட்டத்துக்கு வேணாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குடும்பம் கட்டட வேலைக்கு மெட்ராஸ் பஸ் ஏற வேண்டியதுதான். மோனிஷாவின் படிப்பும் அந்த பஸ்ஸிலேயே ஏறிவிடும். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. கை மெதுவாக இறங்கியது.

ஹெட்மாஸ்டர் லேப்டாப் மூடியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அணைக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள், நாளைக்கு உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு நிமிஷம் வரும். அணைத்துவிட்டால் அன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் நாற்பது பிள்ளைகளும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பெரிய மனுஷர் நிலம் எங்கே தொடங்குகிறதோ அங்கே கேள்வி முடிகிறது என்கிற பாடம். சரி, சபாஷ் மோனிஷா, ஏன் அப்படி ஆனது சொல் என்று அவளையே மேலே இழுத்தால், அதற்கான விலையை அவள் அப்பா கொடுப்பார். நானே விளக்கம் சொன்னால் அது டீச்சர் நைனாவைக் குற்றம் சாட்டியதாக ஊரெல்லாம் பரவும். கோடு எங்கே போனது என்று அந்த அறையில் உள்ளபடி தெரிந்தவர் ஒருவர்தான். அவரைக் கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஹெட்மாஸ்டரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நைனாவிடம் சொன்னேன். "நைனா, எங்களுக்கு இந்தப் படத்துல கோடுதான் தெரியுது, பேரு தெரியல. இந்தப் பசங்களுக்கு நீங்கதான் கொஞ்சம் படிச்சிச் சொல்லணும். நீங்க நடந்த எடம்."

நைனா எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். புரொஜெக்டர் வெளிச்சம் அவர் மேல் விழ, வெள்ளைச் சட்டையில் பாதி ஏரி தெரிந்தது. முதலில் மேட்டுக் கொல்லியில் விரலை வைத்து அதன் பெயரைச் சொன்னார். அப்புறம் சின்ன மதகு, பெரிய மதகு, மாடு குளிப்பாட்டுகிற மடுவு. நான் அந்த ஊரில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும் அதில் பாதிப் பெயரைக் கேட்டதில்லை. பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள். கடைசியாக விரல் அந்தக் கோட்டுக்கு வந்தது.

"இது வரத்துக் காலுவா. ஏரிக்குத் தண்ணி இதுலதான் வரும். நான் சின்னப் பையனா இருக்கசொல்ல இதுல வுழுந்து எழுந்திருக்கறேன்." விரலைக் கோட்டின் முனைக்கு நகர்த்தினார். "மழ இல்லாம கொஞ்ச வருசம் காஞ்சி கெடந்தது. டிராக்டர திருப்ப எடம் பத்தல. தண்ணி வராத காலுவாய்க்கு இன்னாத்துக்கு எடம்னு நான்தான் நெரவிட்டேன்."

யாரும் வற்புறுத்தவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால், தான் கொடுத்த மிஷின் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, கால்வாயை மூடி நிரவியது நான்தான் என்று அவரே சொன்னார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருகிற எண்ணம் அதுதான்.

திரும்பி என்னைப் பார்த்து, இந்தப் படத்தை யார் யார் பார்க்கலாம் என்று கேட்டார். போன் இருக்கிற எல்லோரும் பார்க்கலாம் என்றேன். அமெரிக்காவில் இருக்கிற தன் மகனுமா என்றார். அவரும்தான் என்றேன். காபிக்கு நிற்காமல் பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். குங்குமக் கிண்ணம் மேஜை மேலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் ஹெட்மாஸ்டர் என்னைப் பார்க்காமலேயே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் காலை பிரேயருக்கு முன்னாலேயே ஏழுமலை கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். சண்டை போடுகிற ஆள் இல்லை அவர். சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே பேசினார். "அது கொயந்த டீச்சர், கண்ணுக்குத் தெரிஞ்சத சொல்லிடுச்சு. நீங்க பெரியவங்க, பாத்துக்கக் கூடாதா? அந்தக் கொல்லிய வுட்டா எங்களுக்கு இன்னா கீது?"

நானும் வருகிறேன், சேர்ந்து போய் நைனாவைப் பார்க்கலாம் என்றேன். வேண்டாம் டீச்சர், இன்னும் பேஜாராகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மோனிஷா அன்று பள்ளிக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் வீட்டில் சமைக்கும்போது குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். பயந்துபோயிருந்தேன், வேறு எப்படிச் சொல்வது.

அந்த வாரமே ஒருநாள் நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது வெளியே ஜேசிபி சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, நைனா கொல்லிக்குப் போகிறது என்றார்கள். எனக்குக் கையிலிருந்த சாக்பீஸ் ஓடவில்லை. பயிரை அழித்துவிட்டு நிலத்தைத் திருப்பி எடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு, ஓடினேன்.

அங்கே ஏழுமலை ஜேசிபிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, இங்க, இன்னும் இந்தாண்ட என்று கை காட்டிக்கொண்டிருந்தார். வரப்பை ஒட்டி ஒரு நீளப் பள்ளம் ஏரியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நைனா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மோனிஷா, கையில் அவருடைய விலை உயர்ந்த போனை வைத்துக்கொண்டு, பழைய படத்தைப் பார்த்துக் கோடு எங்கே வளைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நைனா முறைத்தார். "இன்னா டீச்சர், வகுப்ப வுட்டுட்டு இங்க இன்னா வேல?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காலுவா பார்க்க வந்தேன் நைனா என்றேன். ஏழுமலையின் குத்தகை என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். காலுவாய்க்குப் போன இடத்துக்குத் தகுந்த மாதிரி குத்தகையைக் குறைத்திருக்கிறேன், இந்தத் தடவை எழுத்திலேயே போட்டுக் கொடுத்துவிட்டேன், இந்தப் பொண்ணோட அப்பனை வெளியே அனுப்பினால் அடுத்து எதைக் கண்டுபிடிப்பாளோ, பயமாக இருக்கிறது என்றார். ஏழுமலை வெட்கப்பட்டு ஜேசிபி பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? மறுநாளே நைனா பள்ளிக்கு வந்தார். மிஷினைப் போடு, படத்தைக் காட்டு என்றார். போட்டோம். கோடு அதே வரப்பில் வந்து நின்றிருந்தது. நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நேற்றைக்குத்தானே தோண்டினேன், இன்னும் பழையதையே காட்டினால் என்ன அர்த்தம், உலகமே என்னைப் பற்றி என்ன நினைக்கும் என்றார். அவருக்கு யாராவது விளக்க வேண்டும். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். செயற்கைக்கோள் எப்படிச் சுற்றுகிறது, எடுத்த படத்தை எப்போது மாற்றுகிறார்கள், பட்டணத்துக்குச் சீக்கிரம் மாற்றுவார்கள், நம்மைப் போன்ற ஊருக்கு ஏன் மெதுவாக மாற்றுகிறார்கள் என்று ஒன்பதாம் வகுப்பு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னது. பாடப் புத்தகத்தில் அந்தப் பாடம் இரண்டே பக்கம். அவர்கள் ஒரு மணி நேரம் எடுத்தார்கள். நைனா கேட்ட குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நூலகத்துக்கு ஓடினவர்களும் உண்டு.

அதிலிருந்து மாதம் ஒருமுறையாவது வந்துவிடுவார். வருகிறார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் திரையை இறக்கிவிடுவார்கள். படம் மாறவில்லை என்றதும், "இன்னும் போடலியா அவன்?" என்று வானத்தை ஒரு பார்வை பார்ப்பார். படத்தைப் போடுகிற யாரோ ஒருவன் தன்னை வேண்டுமென்றே காக்க வைக்கிறான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கடைசியில் மாதா மாதம் பார்த்துச் சொல்லுகிற பொறுப்பை மோனிஷாவிடம் கொடுத்தார்.

அந்த வருஷ ஐப்பசியில் நல்ல மழை. ஒருநாள் மத்தியானம் ஊருக்குள் வெடிச்சத்தம் கேட்டது. ஏரி கோடி போகுது என்று கத்திக்கொண்டு போனார்கள். ஏரி நிறைந்து வழிவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். ஹெட்மாஸ்டர் என்னைக் கேட்காமலேயே மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். எல்லோரும் கரைக்கு ஓடினோம். தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுந்தது. ஊர்ப் பெண்கள் மஞ்சள் குங்குமம் தூவிக் கும்பிட்டார்கள். பிள்ளைகள் கரையில் வரிசையாக நின்று போட்டோ எடுத்து, அதை இணைய வரைபடத்தில் எங்கள் ஏரி மேல் ஏற்றினார்கள். நைனாவிடம் காட்டினோம். நன்றாக இருக்கிறது, ஆனால் இது நீங்கள் எடுத்தது, மேலே இருந்து அவன் எடுத்தால்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார்.

இலக்கு என்ன என்று கேட்டாள் அல்லவா அந்தப் பெண், அவளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். திரையில் ஒரு படம் வந்தால், அந்த அறையில் கேட்கப் பயப்படுகிற ஒருவர் கேட்க வேண்டும். பதில் தெரிந்தும் பேசாமல் இருக்கிற ஒருவர் பேச வேண்டும். நான் அன்றைக்கப்புறம் காட்டின எந்தப் படத்தையும் இந்த ஒன்றை வைத்துத்தான் எடைபோட்டேன். பல நாள் தேறவில்லை. தேறாத நாளில் மிஷினை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, சும்மா பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் பாடம்தான், யாராவது ஆய்வுக்கு வந்தால் மட்டும் சொல்லாதீர்கள்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு, எப்படி முடிப்பது என்று தெரியாமல் இரண்டு நாளாக விட்டுவிட்டேன். நேற்று காலை போன் வந்தது. நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்திருக்கிற டீச்சர், உங்களில் ஒருத்திதான். குரலில் பதற்றம்.

"மேடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரியவர் வந்து நிக்கிறாரு. கூட மோனிஷான்னு ஒரு காலேஜ் பொண்ணு. அவ காஞ்சிபுரம் பஸ்ல போயிக்கினு இருக்கசொல்ல போன்ல பாத்தாளாம், பாதில எறங்கி வந்துட்டாளாம். படம் மாறிடுச்சு, காலுவா தெரியுது, பெரிய திரையில போடுங்கன்றாரு. எனக்கு ஒண்ணுமே புரியல மேடம். அவரு கையில சந்தனம் குங்குமம் வேற கீது. மிஷினுக்கு வெச்சிட்டுத்தான் போடணும்ன்றாரு. இன்னா பண்ணட்டும்?"

போனில் அவளுக்குப் பின்னால் நைனாவின் குரல் கேட்டது, என் பையன் அங்கேந்து பாத்துட்டு போன் பண்ணிட்டான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டீச்சரிடம் சொன்னேன்.

"வெக்கட்டும்மா. கண்ணாடிய மட்டும் உன் கையால மறைச்சிக்கோ. படத்த போட்டுட்டு, நீ நேரா கடைசிக்குப் போயி நில்லு."